பாட்டு முதல் பெக் வரை: சொந்த விருப்பத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

"என் இஷ்டம்" என்று நாம் சொல்கிற பல விஷயங்களில் நம் இஷ்டம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஒரு பாட்டை நாமே தேடிப் போட்டோம், சரி. அது முடிந்ததும் வரிசையாக ஓடியதெல்லாம் ஆப் போட்டது. முதல் கிளாஸ் நாம் கேட்டு வாங்கியது. மூன்றாவது, பக்கத்தில் இருந்தவர் ஊற்றியது. மறுநாள் யாராவது கேட்டால் இரண்டுக்கும் "பிடிச்சுது, அதான்" என்றே பதில் சொல்வோம்.

எதைக் கேட்கலாம், குடிக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. வயது வந்தவர்களுக்கு அது அவரவர் பாடு. நான் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான்: அந்தச் சூழலுக்குள் நுழைவதற்கு முன்பே முடிவு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளே போன பிறகு எடுக்கிற முடிவில் பாதி, அந்த இடத்தை அமைத்தவருடையது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் செய்வதற்கான வழிகள்தான்.

படி 1: எதற்கு எவ்வளவு மெனக்கெடுவது என்று பிரியுங்கள்

எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்து முடிவெடுப்பவர் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. பொருளியல் நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன் 1950களிலேயே இதைச் சொன்னார். மனிதர்கள் ஆகச் சிறந்ததைத் தேடிக்கொண்டே இருப்பதில்லை, 'இது போதும்' என்று படுவது கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் தவறில்லை. எங்கே 'போதும்' என்று விடலாம், எங்கே விடக்கூடாது என்பதுதான் தெரிய வேண்டும்.

அதற்கு மூன்று கேள்விகள் போதும். தப்பாகப் போனால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? அதற்கான விலையை நான் மட்டும் கொடுக்கிறேனா, வீட்டில் இருப்பவர்களும் ரோட்டில் போகிறவர்களும் சேர்ந்து கொடுக்கிறார்களா? இது ஒரு தடவை செய்வதா, நாள் தவறாமல் நடப்பதா?

பிடிக்காத பாட்டு வந்தால் தள்ளிவிடலாம், அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மாதச் சந்தா சின்னத் தொகையாகத் தெரியும், ஆனால் மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொள்ளும். காதில் விழும் சத்தம் முதல் கேள்வியிலேயே மாட்டும், ஏனென்றால் போன கேட்கும் திறன் திரும்பாது. மது மூன்றிலும் மாட்டும். ஆக, ஒரே மாலையில் ஒரே சோபாவில் உட்கார்ந்து நாம் செய்கிற காரியங்களுக்குள்ளேயே எடை எவ்வளவோ மாறுகிறது.

படி 2: முன்னமைப்பை வைத்தது யார் என்று பாருங்கள்

நாம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் எது நடக்குமோ அதுதான் முன்னமைப்பு. அதன் பலம் சாதாரணமானதல்ல. எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் ஐரோப்பிய நாடுகளின் உறுப்பு தானச் சம்மதத்தை ஒப்பிட்டார்கள். விருப்பமுள்ளவர் தானாக முன்வந்து பதிய வேண்டிய ஜெர்மனியில் சம்மதம் 12 சதவீதம். வேண்டாம் என்பவர் மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டிய பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் 99 சதவீதத்துக்கும் மேல். இரண்டு நாட்டு மக்களின் மனசும் இவ்வளவு தூரம் மாறுபட வழியில்லை. மாறியது படிவம்.

உங்கள் போனிலும் இதே கதைதான். அரை மணி நேரம் ஒதுக்கி செட்டிங்ஸைத் திறந்து உட்காருங்கள். பாட்டு, வீடியோ ஆப்களில் ஆட்டோபிளே முடுக்கப்பட்டிருக்கிறதா? எந்தெந்த ஆப் நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி வைத்திருக்கிறது? எந்தச் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது, அடுத்த தேதி எப்போது? எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லவில்லை. தெரிந்தே முடுக்கி வைத்தால் அது உங்கள் முடிவு, அவ்வளவுதான். சந்தாவுக்கு மட்டும் ஒரு தந்திரம்: சேர்ந்த அன்றைக்கே புதுப்பித்தலை ரத்து செய்துவிடுங்கள். பெரும்பாலான சேவைகளில் கட்டிய காலம் முடியும் வரை பயன்படுத்தலாம். முடிந்த பிறகு உண்மையிலேயே தேவைப்பட்டால் மறுபடி சேருவீர்கள்.

இதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பார்ட்டியைப் பாருங்கள். கிளாஸ் காலியாகும் முன்பே யாரோ நிரப்புவது ஒரு முன்னமைப்பு. ஆளுக்கொரு ரவுண்ட் வாங்குவது இன்னொன்று. நான்கு பேர் வந்தால் நான்கு ரவுண்ட், ஆறு பேர் வந்தால் ஆறு. நீங்கள் எவ்வளவு குடிக்கப் போகிறீர்கள் என்பதை வந்தவர்களின் எண்ணிக்கை முடிவு செய்துவிடுகிறது!

இடையில் ஒன்று. தேர்வுகள் அதிகமானால் மனிதன் திணறிப்போகிறான் என்று அடிக்கடி படித்திருப்பீர்கள். 2000இல் வந்த புகழ்பெற்ற ஆய்வில், 24 வகை ஜாம் வைத்த மேசையைவிட 6 வகை வைத்த மேசையில் வாங்கியவர் விகிதம் மிக அதிகம். ஆனால் 2010இல் இது போன்ற 50 சோதனைகளைச் சேர்த்து அலசியபோது சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்ஜியம் என்று வந்தது. கோடிக்கணக்கான பாட்டு இருப்பது பிரச்சினை என்று எனக்கும் தோன்றவில்லை. அடுத்தது எது என்பதை நாம் சொல்லாமலே விடுவதுதான் பிரச்சினை.

படி 3: பாட்டு ஆப்பை வேலைக்கு வையுங்கள்

பரிந்துரை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உங்களைப் போலவே கேட்கிற மற்றவர்கள் வேறு என்ன கேட்டார்கள் என்று பார்த்து அதை உங்களிடம் நீட்டுவதுதான் அடிப்படை. எதைச் சேமித்தீர்கள், எதை முழுதாகக் கேட்டீர்கள், எதைத் தொடக்கத்திலேயே தள்ளினீர்கள் என்பதெல்லாம் குறிப்பு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 வினாடி ஓடினால்தான் அது ஒரு ஸ்ட்ரீமாகக் கணக்கில் ஏறும். முன்னிசை நீண்டு, மெதுவாக உள்ளே இழுக்கிற பாட்டுகளுக்கு இந்த ஏற்பாடு சாதகமாக இல்லை என்பது என் கட்சி.

முதல் வேலை, உங்கள் ரசனைக் கணக்கைச் சுத்தம் செய்வது. குழந்தையைத் தூங்க வைக்கப் போட்ட தாலாட்டு, தூக்கத்துக்காக ராத்திரி முழுக்க ஓடிய மழைச் சத்தம், காரில் மச்சான் போட்ட குத்துப் பாட்டு என எல்லாமே உங்கள் ரசனையாகப் பதிவாகியிருக்கும். அப்புறம் வாரா வாரம் மழைச் சத்தமாகவே பரிந்துரை வருகிறது என்று புலம்பிப் பயனில்லை. ஸ்பாட்டிஃபையில் ஒரு பிளேலிஸ்ட்டை ரசனைக் கணக்கிலிருந்து விலக்கி வைக்கலாம், 'பிரைவேட் செஷன்' போட்டும் கேட்கலாம். ஆப்பிள் மியூசிக்கில் கேட்ட வரலாற்றைப் பயன்படுத்தும் வசதியை அணைக்கலாம். யூடியூப் மியூசிக்கில் வரலாற்றை நிறுத்தி வைக்கலாம், வேண்டாததை அழிக்கலாம். போனைப் பிறர் கையில் கொடுக்கும்போது இதைச் செய்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

இரண்டாவது, தேடிப் போகும் பழக்கம். பிடித்த பாட்டு ஒன்றை எடுங்கள். அதன் விவரத்தில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், முடிந்தால் வாத்தியக்காரர் பெயர்களைப் பாருங்கள். அந்தப் புல்லாங்குழல்காரர் வேறு எங்கே வாசித்திருக்கிறார் என்று போய்ப் பாருங்கள். ஆப் உங்களை 'உங்களைப் போன்றவர்கள்' வழியாகக் கூட்டிப் போகும். நீங்கள் அந்தப் பாட்டை உருவாக்கியவர்கள் வழியாகப் போவீர்கள். போய்ச் சேரும் இடம் வேறாக இருக்கும். பரிந்துரையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கும் அதில் நல்ல பாட்டுகள் கிடைத்திருக்கின்றன. அது ஒரு ஜன்னலாக இருக்கட்டும், வாசலாக வேண்டாம்.

தரம் பற்றி ஒரே ஒரு கணக்கு. 320 கேபிபிஎஸ் (ஒரு வினாடிக்கு ஓடும் டேட்டாவின் அளவு, கூடினால் தரம் கூடும்) தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 144 எம்பி டேட்டா செலவாகும். 96 கேபிபிஎஸ் என்றால் சுமார் 43 எம்பி. பஸ் இரைச்சலில் சாதாரண இயர்போனில் கேட்பவருக்கு உயர்ந்த தரம் வீண் செலவு. வீட்டில் வைஃபையில் உயர்ந்ததும், வெளியில் குறைந்ததும் என்று தனித்தனியாக அமைத்துக்கொள்ளலாம்.

காசு எங்கே போகிறது என்பதும் விருப்பத்தில் சேர்த்திதான். நீங்கள் மாதம் முழுக்க ஒரே ஒரு பாடகியை மட்டும் கேட்டாலும் உங்கள் சந்தா நேராக அவருக்குப் போவதில்லை. பெரிய சேவைகளில் எல்லார் சந்தாவும் ஒரே பானையில் விழுந்து, மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு பங்கோ அந்த விகிதத்தில் பிரிகிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் முந்தைய 12 மாதங்களில் 1000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்குப் பணமே கிடையாது. சவுண்ட்கிளவுட் என்ற இன்னொரு பாட்டுச் சேவை 2021இல் கேட்பவரின் பணம் அவர் கேட்டவருக்கே போகிற முறையைக் கொண்டுவந்தது. பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் கலைஞரிடமிருந்தே பாட்டை வாங்கலாம். சிறிய கலைஞர் ஒருவரைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தால், அவர் பாட்டை ஆயிரம் தடவை ஓடவிடுவதைவிட ஒரு தடவை வாங்குவது அவருக்கு உதவும்.

கடைசியாக, டவுன்லோட் செய்த பாட்டு உங்களுடையது அல்ல. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணையாவிட்டால் ஆஃப்லைன் பாட்டுகள் கிடைக்காது. சந்தா நின்றால் மொத்தமும் போகும். உரிமம் மாறினால் பாட்டு சொல்லாமல் கொள்ளாமல் மறையும். இது இல்லாமல் முடியாது என்கிற பாட்டுகளை மட்டும் கோப்பாகவோ சிடியாகவோ வாங்கி வைத்துவிடுங்கள்.

படி 4: இசைக்கும் அளவு உண்டு

மது என்றதும் எல்லாருக்கும் 'அளவு' என்ற சொல் ஞாபகம் வருகிறது. இசைக்கு வருவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட தரநிலைப்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் வாரத்துக்கே 5 மணிதான். ஜிம்மில் தினமும் ஒரு மணி நேரம் காதைப் பிளக்க வைப்பவர் வெள்ளிக்கிழமைக்குள் வாரக் கணக்கை முடித்துவிடுவார். உள்காதின் நுண்முடி உயிரணுக்கள் ஒரு முறை செத்தால் மறுபடி முளைக்காது.

வெளிச்சத்தம் அதிகம் என்பதால்தான் பெரும்பாலும் ஒலியை ஏற்றுகிறோம். காதை நன்றாக மூடும் இயர்போனோ இரைச்சல் நீக்கும் ஹெட்போனோ இருந்தால் ஏற்ற வேண்டிய தேவையே குறையும். பல போன்களில் அதிகபட்ச ஒலிக்கு வரம்பு வைக்கலாம், ஐபோனில் வாரக் கணக்கே பார்க்கலாம். கேட்டு முடித்த பிறகு காதில் ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தால் அளவு தாண்டியாயிற்று.

படி 5: மதுவைக் கிராமில் எண்ணுங்கள்

'அளவோடு குடிப்பவன்' என்று சொல்லிக்கொள்ளாதவர் குறைவு. எந்த அளவு என்று கேட்டால் 'ரெண்டு பெக்', 'ஒரு பீர்' என்று பதில் வரும். இதில்தான் கோளாறு. கிளாஸ், பெக், கேன் எதுவும் அளவே இல்லை. உடம்புக்குத் தெரிந்தது உள்ளே போகிற தூய ஆல்கஹால் மட்டும். கணக்கு எளிது: மில்லி லிட்டரைச் சதவீதத்தால் பெருக்கி, 100ஆல் வகுத்து, 0.79ஆல் பெருக்கினால் கிராம்.

5 சதவீத பீர் 330 மி.லி. என்றால் 13 கிராம். 13 சதவீத ஒயின் 150 மி.லி. என்றால் 15 கிராம். 40 சதவீத விஸ்கி 30 மி.லி. ஒரு பெக் என்றால் ஒன்பதரை கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 500 மி.லி. கேன் என்றால்? 31 கிராமைத் தாண்டுகிறது, அதாவது மூன்று பெக்குக்கு மேல். 'ஹாட் எல்லாம் தொட மாட்டேன், பீர் மட்டும்தான்' என்பவர் இரண்டு கேன் முடித்தால் ஆறு பெக் போட்டவரைத் தாண்டிவிட்டார்.

'ஒரு டிரிங்க்' என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் ஒரு யூனிட் 8 கிராம், ஆஸ்திரேலியாவில் ஒரு டிரிங்க் 10 கிராம், அமெரிக்காவில் 14 கிராம். இணையத்தில் படிக்கிற எந்த வரம்பையும் முதலில் கிராமுக்கு மாற்றிவிடுங்கள்.

இப்போது வரம்புக்கு வருவோம். பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல் வாரத்துக்கு 14 யூனிட், அதாவது 112 கிராம். அதையும் ஒரே ராத்திரியில் முடிக்காமல் குறைந்தது மூன்று நாளாவது பிரித்துக்கொள்ளச் சொல்கிறது. ஆஸ்திரேலியா 2020இல் வாரத்துக்கு 100 கிராம், எந்த ஒரு நாளிலும் 40 கிராமுக்கு மேல் வேண்டாம் என்றது. கனடாவில் 2023இல் வந்த வழிகாட்டுதலோ, குறைந்த ஆபத்து என்றால் வாரத்துக்கு ஒன்றிரண்டு டிரிங்க்தான், அதாவது சுமார் 27 கிராம் என்கிறது. மனித உடம்பு எல்லா இடத்திலும் ஒன்றுதானே, பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்பதில்தான் வேறுபாடு. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் குடியால் சாகும் வாய்ப்பு வாழ்நாளில் சுமார் நூற்றில் ஒன்று வரை போகலாம் என்று வைத்துக் கணக்கிட்டன. கனடாவின் 'குறைந்த ஆபத்து' ஆயிரத்தில் ஒன்று. உண்மையான தனிப்பட்ட தேர்வு இங்கேதான் இருக்கிறது: நூற்றில் ஒன்றா, ஆயிரத்தில் ஒன்றா, அதுவும் வேண்டாமா? அதை முடிவு செய்தால் கிராம் தானாக வரும்.

'அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு' என்ற பழமொழியை இந்த இடத்தில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்குச் சரக்கு முதலில் அமுதமாக இருக்க வேண்டுமே! புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை மதுவை 1988லேயே புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில், அதாவது உண்டாக்கும் என்று உறுதியாகத் தெரிந்தவற்றில், சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது. கொஞ்சமாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்ற பழைய முடிவுகளில் ஒரு ஓட்டை இருந்தது. குடிக்காதவர்கள் பட்டியலில், உடம்பு கெட்டுப்போய்க் குடியை விட்டவர்களும் கலந்திருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் யாருமே ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள். மருந்தாக நினைத்துத் தொடங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பிடித்திருக்கிறது என்பதற்காகக் குடிப்பது, குறைந்தபட்சம் நேர்மையான காரணம்.

கர்ப்பமாக இருப்பவர்கள், வண்டி ஓட்டப் போகிறவர்கள், தூக்க மாத்திரையோ மனப்பதற்ற மாத்திரையோ எடுப்பவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு அளவு பூஜ்ஜியம். இதில் பேரம் இல்லை.

மற்றவர்களுக்குச் செய்முறை இது. கிளம்பும் முன்பே எத்தனை கிராம், எத்தனை மணிக்கு வீடு, எப்படித் திரும்புவது என்ற மூன்றையும் முடிவு செய்யுங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டு 'அங்கே பார்த்துக்கலாம்' என்றால், அங்கே பார்ப்பது குடித்த மூளை. சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள், வயிற்றில் உணவு இருந்தால் ரத்தத்தில் ஏறும் வேகம் குறையும். வீட்டில் என்றால் அளவுக் குவளையில் ஊற்றுங்கள், கண்ணளவு எப்போதும் தாராளம். கிளாஸ் காலியாகும் முன் மறுபடி ஊற்ற விடாதீர்கள், எண்ணிக்கை தப்பும் இடம் அதுதான். நடுவில் ஒரு கிளாஸ் தண்ணீர்.

கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். 31 கிராம் கேன் ஒன்று கரைய மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல், எலுமிச்சை எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. நள்ளிரவு வரை குடித்தவர் காலையில் வண்டியை எடுக்கும்போது இன்னும் போதையிலேயே இருக்கலாம். நல்ல தூக்கம் வரும் என்பதும் பாதிதான் உண்மை. சீக்கிரம் தூங்கிவிடுவோம், ஆனால் பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாகும்.

படி 6: 'ஒண்ணே ஒண்ணு' வரும்போது

இது எப்படி வரும் என்று தெரியாதவர் இல்லை.

"டேய், ஒண்ணே ஒண்ணுடா. எனக்காக."

"இன்னைக்கு வேணாம்டா."

"ஏன், மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறியா?"

இந்த 'ஏன்'தான் பொறி. காரணம் சொன்னால் அந்தக் காரணத்தோடு வாதம் தொடங்கும். மாத்திரை என்றால் 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது', காலையில் வேலை என்றால் 'நானும்தான் போகணும்'. அதனால் காரணம் கொடுக்காதீர்கள். "வேணாம்டா, நீ குடி. அந்த விஷயத்த மிச்சம் சொல்லு" என்று பேச்சை அவர் பக்கமே திருப்பிவிடுங்கள். கையில் சோடாவோ ஜூஸோ இருக்கட்டும், காலியான கைதான் கண்ணை உறுத்தும். ரவுண்ட் வாங்கும் கூட்டம் என்றால் 'என்னது நான் தனியா வாங்கிக்கறேன்' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதியது இங்கே கைகொடுக்கும். 'குறைவாகக் குடிப்பேன்' என்பது போன்ற பொத்தாம்பொதுவான தீர்மானத்தைவிட, 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்ட தீர்மானம் அதிகம் நிறைவேறுகிறது. 'இரண்டாவது கிளாஸ் முடிந்ததும் சோடா கேட்பேன்.' 'ஆல்பம் முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றுவேன்.' இந்த மாதிரி.

நீங்கள் விருந்து கொடுப்பவராக இருந்தால் உங்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. மது இல்லாத பானங்களையும் அதே மேசையில், அதே மாதிரி கிளாஸில் வையுங்கள். குடிக்காதவரை 'ஏன்' என்று கேட்காதீர்கள். இங்கே முன்னமைப்பை வைப்பவர் நீங்கள்.

படி 7: விருப்பம் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாதம் ஒரு தடவை போதும். பாட்டு ஆப்பில் என்ன ஓடியது, காதுக் கணக்கு எவ்வளவு, எந்தச் சந்தா சும்மா கிடக்கிறது, வாரத்துக்கு எத்தனை கிராம் என்று ஒரு பார்வை பாருங்கள். முதல் மூன்றும் வரம்பு தாண்டியிருந்தால் செட்டிங்ஸை மாற்றினால் முடிந்தது. நான்காவது அப்படி இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற 10 கேள்விச் சோதனை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மொத்த மதிப்பெண் 40. அதில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. முடிவு செய்த அளவைத் திரும்பத் திரும்பத் தாண்டுவது, காலையில் கை நடுங்கி, ஒரு மடக்குக் குடித்ததும் நடுக்கம் நிற்பது, குடித்ததை வீட்டில் மறைப்பது என்றால் இந்த வழிகாட்டியின் முந்தைய படிகள் போதாது. மனவுறுதி குறைவு என்று உங்களையே திட்டிக்கொள்ளவும் வேண்டாம், மூளையும் நரம்புகளும் மதுவுக்குப் பழகிவிட்டன என்பதுதான் விஷயம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் வைராக்கியத்தோடு ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் குழப்பம், இல்லாதது தெரிவது, கடும் வியர்வை, காய்ச்சல் என்று முற்றலாம். இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நிறுத்தும் முன்பே மருத்துவரைப் பார்த்தால், இந்த நாள்களைக் கடக்க மாத்திரையும் கண்காணிப்பும் கிடைக்கும். போகும்போது 'அப்பப்போ கொஞ்சம் டாக்டர்' என்று சொல்லாமல், வாரத்துக்கு எத்தனை கிராம், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது நடுக்கமோ வலிப்போ வந்ததா, வேறு என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.